மஞ்சள் துணி கட்டிய இஞ்சின்

படகு இஞ்சின் கொதிப்பதற்கும் ஒரு பெண்ணின் வெறுங்கழுத்துக்கும் என்ன தொடர்பு? வாசகரே, தெரிந்தால் சொல்லுங்கள். சாம்பல்தீவுக் கரையில், தாலியிழந்த குணேஸ்வரியிடம், தொடர்பு உண்டென்றே சாதித்தார்கள்.

காய்ச்சலில் புருஷன் போனபின், படகு முதலாளியான சம்மாட்டி சோமசேகரத்தின் மீனை ஓலைக் கடகத்தில் வாங்கி, தெருத்தெருவாக விற்றுத்தான் அவள் பிள்ளைகளுக்குச் சோறு போட்டாள். போன வருஷம், எழுபத்துநாலில், சம்மாட்டியின் படகின் பின்பக்கத்தில் புது இஞ்சின் மாட்டினார்கள். கண்ணூறு படாதிருக்கப் பூசாரி மஞ்சள் துணி ஒன்றை மந்திரித்து, தண்ணீருக்குள் இறங்கும் இஞ்சின் காலில் இறுகச் சுற்றினார். படகு தள்ள ஆள் போதாமல் குணேஸ்வரியும் கைகொடுத்தாள். அன்றே கடலில் இஞ்சின் கொதித்து, புகைந்து நின்றது.

“அறுதலி கை வைச்சால் வேறென்ன நடக்கும்? இனிப் படகடிக்கு வராதை” என்றார் சம்மாட்டி.

அவள் வரவில்லை. இஞ்சின் மறுபடியும் கொதித்தது. பூசாரி இன்னொரு துணி சுற்றினார். இன்னும் மோசமாகக் கொதித்தது.

மீனில்லாமல் அடுப்பு அணைந்த வீட்டிலிருந்து ஒருநாள் காலை அவள் கரைக்கு வந்தாள். இடுப்பளவு தண்ணீரில் நின்ற படகில் இஞ்சின் உறுமிக்கொண்டிருந்தது; கரையில் சம்மாட்டி நின்றார்.

“அண்ணை, இறக்கக்கண்டிப் படகுகளின்ர இஞ்சின் எல்லாம் பின்னாலை தண்ணி பெய்யுது. உங்கட ஏன் பெய்யேல்லை?”

“வெக்கமாக்கும்” என்றான் படகோட்டி இராசையா. கரை சிரித்தது.

அவள் சிரிக்கவில்லை. “இஞ்சினை நிப்பாட்டு” என்று தண்ணீரில் இறங்கினாள். மீன் வெட்டும் கத்தியால் துணிகளை அறுத்தெறிந்தாள். கடல்நீரை உறிஞ்சி இஞ்சினைக் குளிர்விக்கும் துளைகள் அந்தத் துணிக்குள் மூச்சடைத்துக் கிடந்தன.

இராசையா இஞ்சினை முடுக்கினான். பின்பக்கம் தண்ணீர் பீய்ச்சியது.

“இப்ப மீன் தருவியளோ, அண்ணை?”

“கண்ணூறு முழுக்கத் துணியோடை போயிட்டுது. நீ திரும்பக் கொண்டு வராதை” என்றார் சோமசேகரம். பூசாரிக்கு மட்டும் பெரிய பாரை மீன் போனது.

இன்றும் குணேஸ்வரி மீனுக்காகத் தொலைவிலுள்ள நிலாவெளிக் கரைக்கு நடக்கிறாள். அந்த இஞ்சின் இன்றும் குளிர்ச்சியாக ஓடுகிறது.

சாம்பல்தீவாரே, நாளைக் காலை கரைக்குப் போங்கள். “முதலில் குணேஸ்வரியின் கடகத்துக்குப் போடுங்கள், பிறகு நாங்கள் வாங்குவம்” என்று சம்மாட்டியின் முகத்துக்கு நேரே சொல்லுங்கள். போடாவிட்டால், வெறும் கையோடு வீடு திரும்புங்கள்.