கூடுதலாக ஒரு குச்சி

என் அத்தான் செதுக்கிய மரப் பொம்மைகள் எல்லாம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் நிற்கும். தபால்காரர், டாக்டர், கல்யாண ஜோடி, யாராக இருந்தாலும் சரி. விரல் செதுக்க அவருக்கு வராது.

"என்னங்க, உங்க ஆளுங்க எல்லாம் போலீஸ்ல மாட்டின மாதிரியே நிக்கறாங்க" என்பாள் அக்கா.

"மரியாதை தெரிஞ்சவங்க" என்பார் அத்தான்.

லிப்ட் பழுது பார்ப்பது அவர் வேலை. ஆனால் எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் படியேறித்தான் போவார். காரணம் கேட்டால், "எனக்கு லிப்டைப் பத்தித் தெரியும் மச்சான்" என்பார். அதற்கு மேல் சொல்ல மாட்டார். விடுமுறை நாளில் பால்கனியில் செய்தித்தாளை விரித்து உளியும் கையுமாக உட்கார்ந்துவிடுவார். அக்கா பிரம்புக் கூடை பின்னி விற்பவள், முன்னறைதான் கடை. இந்தப் பக்கம் மரச்சீவல், அந்தப் பக்கம் பிரம்புத் துண்டு, நடுவில் ஓர் ஒற்றையடிப் பாதை. அதன் வழியாகத்தான் நான் போய் உட்காருவேன்.

அவர் போய்ச் சில வாரங்கள் ஆகின்றன. துக்கம் கேட்க வருகிறவர்கள் அவருடைய நல்ல குணத்தைப் பற்றியே பேசுகிறார்கள். எனக்கு நினைவில் நிற்பது அந்தக் கூடைதான்.

ஒருநாள் அவர் அக்காவையே செதுக்க ஆரம்பித்தார். விரலுக்கு ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். இடுப்பில் பெரிய கூடை ஒன்றை வைத்துவிட்டால் இரண்டு கையும் அதன் பின்னால் மறைந்துவிடும். ஆனால் விரலிடமிருந்து தப்பித்தவர் கூடையிடம் மாட்டிக்கொண்டார். முதலில் வழவழவென்று இழைத்து விட்டார்.

"எதுக்கு என் இடுப்புல தண்ணிக் குடம்?" என்றாள் அக்கா.

குறுக்கும் நெடுக்கும் கோடு கீறினார்.

"இப்ப ஜன்னல் கம்பி. பின்னல்னா பட்டை ஒரு குச்சிக்கு மேல போகணும், அடுத்த குச்சிக்கு அடியில போகணும். பாக்கறவங்க இது நான் போட்ட கூடைன்னு நம்பணும்ங்க. இல்லன்னா இந்தப் பொம்மை என் கடை அலமாரிக்கு வராது."

அத்தானுக்கு ரோஷம் வந்துவிட்டது. அவள் பின்னிய கூடை ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு, நிமிர்ந்து நிற்கும் குச்சிகளை எண்ணி, அதே கணக்கில் மரத்தில் பென்சில் கோடு போட்டார். பட்டை மேலே வரும் இடத்தில் நடுவை மேடாக விட்டு, இரண்டு ஓரத்தையும் சரித்துச் சீவினால், அது பக்கத்துக் குச்சிக்கு அடியில் நுழைவது போல் கண்ணை ஏமாற்றும். ஒவ்வொரு கட்டத்தையும் மூச்சைப் பிடித்துக்கொண்டு சீவினார். பொம்மைக்கு இன்னும் மூக்கு வைக்கவில்லை.

"இதுல நான் எங்க இருக்கேன்?"

"கூடைக்கு மேல பாரு."

"அங்க முட்டைதான் இருக்கு."

கூடையைச் சுற்றிக்கொண்டு தொடங்கிய இடத்துக்கே வந்து சேர்ந்தபோது அத்தானின் முகம் மாறியது. அங்கே பட்டை அடுத்தடுத்த இரண்டு குச்சிகளுக்கும் மேலேயே போயிருந்தது. அடுத்த வரிசையில் இரண்டுக்கும் அடியில். கீழிருந்து மேல்வரை இதே கதி.

"உன் கூடையைப் பாத்துத்தானே எண்ணினேன்" என்றார்.

"எண்ணினது சரிதான். நான் ஒரே பட்டையைச் சுத்திச் சுத்தி மேல ஏத்தறேன். குச்சி ஒத்தைப்படையா இருந்தாத்தான் அடுத்த சுத்துல மேல் கீழ் மாறும். நீங்க ஒவ்வொரு சுத்தையும் தனியா முடிக்கறீங்க. உங்களுக்கு ரெட்டைப்படைதான் வேணும்."

"இத்தனை வருஷத்துல இதை ஒரு வார்த்தை சொல்லலையே நீ."

"நீங்க லிப்ட் கதையைச் சொன்னீங்களா?"

பொம்மை சுவரைப் பார்க்கத் திரும்பி நின்றது. அத்தானும் ஏறக்குறைய அப்படித்தான் இருந்தார். நான் சமாதானமாக, "அந்த இடத்துல ஒரு துண்டு தொங்கற மாதிரி செதுக்கிடலாமே அத்தான்" என்றேன்.

"கூடைக்கு எதுக்குய்யா துண்டு? குளிச்சிட்டு வருதா?"

கடைசியில் அக்காதான் இறங்கி வந்தாள். "கூடை அகலமாகற இடத்துல நான் கூடுதலா குச்சி செருகுவேன். அந்த ரெண்டுக்கும் நடுவுல நீங்களும் ஒண்ணு செருகுங்க."

"மரத்துல எங்கேருந்து செருகறது?"

"ரெண்டு பேரையும் கொஞ்சம் தள்ளி உக்காரச் சொல்லுங்க."

பஸ் சீட்டில் மூன்றாமவருக்கு இடம் பிடிப்பது போல, இரண்டு குச்சிகளையும் ஒல்லியாகச் சீவி, நடுவில் இன்னொன்றை எடுத்தார். மேல், கீழ், மேல் என்று எல்லாம் சரியாக உட்கார்ந்தது. அந்த இடத்தில் மட்டும் மூன்று குச்சிகள் நெருக்கிக்கொண்டு நின்றன. அக்கா கண்ணை மூடிக்கொண்டு விரல் நுனியால் கூடையை ஒரு சுற்றுத் தடவிப் பார்த்தாள். "ம்" என்றாள். பொம்மைக்கு மூக்கும் கிடைத்தது, அலமாரியில் இடமும் கிடைத்தது.

பிறகு கூடை வாங்க ஒரு அம்மாள் வந்தார். தொங்கிய கூடைகளையெல்லாம் தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டுப் பொம்மையிடம் வந்து நின்றார்.

"இது நீங்க போடற கூடைதானே? இதே மாதிரி ஒண்ணு வேணும். இந்த இடத்துல மூணு குச்சி நெருக்கமா வருது பாருங்க, அதுவும் அப்படியே வேணும். அதான் அழகு."

அக்கா ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். உள்ளே அத்தானுக்கு இருமல் வந்தது. அக்கா வாயை மூடிக்கொண்டு, "போட்டுத் தரேங்க" என்றாள்.

குச்சி ரெட்டைப்படை ஆகிவிட்டதால் ஒரே பட்டையைச் சுற்றிச் சுற்றி ஏற்றும் அவளுடைய பின்னல் அதில் செல்லுபடியாகவில்லை. அத்தானைப் போலவே சுற்றுக்கு ஒரு பட்டை வெட்டி, தனித்தனியாக முடிக்க வேண்டியிருந்தது. "எந்த ஊர்லயாவது மரத்தைப் பாத்து கூடை பின்னுவாங்களா?" என்று முணுமுணுத்துக்கொண்டே பின்னினாள். அத்தான் எதிரே பேப்பர் படித்தார். வெகுநேரமாக ஒரே பக்கத்தைப் படித்தார்.

அக்கா தலையைத் தூக்காமலே கூப்பிட்டாள். "ஏங்க, அந்தப் பொம்மையைக் கொஞ்சம் இந்தப் பக்கமா திருப்புங்க. பட்டை எங்க நுழையுதுன்னு தெரியல."

அத்தான் எழுந்து வந்து திருப்பி வைத்தார். அடுத்த சுற்றுக்கும் திருப்ப வேண்டியிருக்கும் என்று அங்கேயே உட்கார்ந்துகொண்டார்.