இன்னும் ஒரு குழி

ஓட்டல் வரவேற்பறைத் தூணை நக்கிக்கொண்டிருந்தார் அன்றைய சிறப்புரையாளர். முழுத் தூணையும் அல்ல. மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, முகத்துக்கு நேரே ஒரு சின்ன இடத்தை மட்டும்.

"சார், ஏதாவது வேணுமா?" என்றாள் வரவேற்பறைப் பெண். அவள் கை ஏற்கெனவே தொலைபேசியில் இருந்தது.

"ஒண்ணும் வேணாம்மா. இது கல்லு இல்ல. கல்லு மாதிரி வேஷம் போட்ட ஓடு. உங்க முதலாளிய யாரோ நல்லா ஏமாத்தியிருக்காங்க."

இவரை எல்லோரும் 'கல்லு சார்' என்பார்கள். முகத்துக்கு நேராகவும் அப்படித்தான். நிலவியலாளர். கல் நனைந்தால் அதன் துகள்கள் பளிச்சென்று தெரியும். அதற்காக மலையடிவாரத்தில் தண்ணீர் தேடி அலைவானேன், நாக்கு எதற்கு இருக்கிறது என்பது இவர் கட்சி. மண் என்றால் ஒரு சிட்டிகை எடுத்து முன்பல்லில் கடிப்பார். நறநறவென்றால் வண்டல், வழவழவென்றால் களி. சின்ன வயதில் மண்ணைத் தின்றதற்காக என் அம்மாவிடம் முதுகு வீங்க வாங்கியவன் நான். அதையே பட்டம் வாங்கிக்கொண்டு கௌரவமாகச் செய்யலாம் என்பது இவரைப் பார்த்துத்தான் தெரிந்தது.

கோட்டுப் பைகள் இரண்டும் கல்லின் கனத்தில் முழங்காலைப் பார்த்துத் தொங்கும். காபி குடிக்கும்போது ஒரு கல்லை எடுத்து மேசைமேல் வைத்து, கோப்பையை அதிலிருந்து தள்ளியே வைப்பார். "இதுக்கு வயசு ஜாஸ்தி. மரியாதை குடுக்கணும்" என்பார்.

அந்த ஓட்டலில் பொறியாளர்களும் நிலவியலாளர்களும் கூடும் மாநாடு. சிறப்புரையாளர்களைக் கவனித்துக்கொள்வது, இளநிலைப் பொறியாளனான என் வேலை. இரண்டு பேர். ஒருவர் கல்லு சார். மற்றவர் பாலம் கட்டும் பொறியாளர், 'பாலம் மேடம்', கல்லு சாரின் மனைவி. ஒரே காரில் வந்தார்கள். ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்தபடி.

காரணத்தை மேடமே என்னிடம் சொன்னார். சரிவான இடத்தில் மனை வாங்கிப் பல வருஷம் ஆகிறது. வீட்டுக்கு மேடம் வரைபடம் போட்டு, அது மடிப்பில் கிழிந்து, மறுபடி போட்டாயிற்று. ஆனால் அஸ்திவாரத்துக்குக் கல்லு சார் சம்மதம் சொன்னபாடில்லை. ஞாயிறுதோறும் மண்வெட்டியோடு போய் ஒரு குழி வெட்டுவார். உள்ளே இறங்கிக் கடித்துப் பார்ப்பார். "இன்னும் ஒரு குழி போட்டுப் பாத்துடலாமே" என்று ஏறி வருவார்.

"பக்கத்து மனைக்காரங்க இவர் புதையல் தேடுறார்னு நினைக்கிறாங்க தம்பி. நாங்க இருக்கற வாடகை வீட்டை இப்ப காலி பண்ணச் சொல்லிட்டாங்க. இனிமே அந்தக் குழியிலதான் குடியிருக்கணும், ஆளுக்கு ஒண்ணா. ஊருக்கெல்லாம் குறி சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில விழுமாம் துள்ளி. அந்தப் பல்லிக்குத்தான் நான் கழுத்த நீட்டினேன்."

மேடம் காலையில் பாலங்களைப் பற்றிப் பேசி முடித்தார். அடுத்து கல்லு சார். உரையின் தலைப்பு: 'பதில் சொல்லப் பழகுவோம்'. தலைப்பைப் படித்ததும் முன்வரிசையில் மேடம் செருமினார்.

பேச்சு அபாரம். பொய் சொல்லக்கூடாது. "நம்ம ஆளுங்ககிட்ட ஒரு வியாதி இருக்கு" என்று நிலவியலாளர்களைத்தான் முதலில் பிடித்தார். "பாவம், பொறியாளர் வந்து ஒரே ஒரு கேள்வி கேக்கறார். இங்க கட்டலாமா, கூடாதா? நாம கோடி வருஷத்துக் கதை சொல்றோம். அவரு தலையாட்டிட்டுப் போய் எங்கயோ கட்டிடறார். தெரிஞ்சத வெச்சு ஒரு வார்த்தை சொல்லுங்கப்பா. சொல்லிட்டு அதுக்குப் பொறுப்பா நில்லுங்க. இல்லன்னா நாம எதுக்கு?"

பொறியாளர்கள் பக்கம் விசில் பறந்தது. சார் சிரித்துக்கொண்டே, "கேள்வி இருந்தா கேளுங்க" என்றார்.

அந்த வாக்கியம் முடிவதற்குள் மேடம் எழுந்து, என் கையிலிருந்த மைக்கை வாங்கிக்கொண்டார்.

"ஐயா, வணக்கம். ஒரு சரிவு மனை. நிறைய சோதனைக் குழி போட்டாச்சு."

சாரின் சிரிப்பு நின்றது.

"உக்காரு. வீட்ல பேசிக்கலாம்" என்றார் தாழ்ந்த குரலில். மைக் அதை அரங்கின் கடைசி வரிசைவரை கொண்டுபோய்ச் சேர்த்தது.

"எந்த வீட்லங்க?"

சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரமாயிற்று. மேடம் மட்டும் சிரிக்கவில்லை.

"குழியில எல்லாம் என்ன வந்துச்சு?"

"பாறை."

"எல்லாத்துலயும்?"

"எல்லாத்துலயும்."

"உடைஞ்ச பாறையா?"

"இல்ல. நல்ல பாறை."

"தண்ணி ஊறுதா?"

"ஊறல."

"வேற யாராவது இந்த மனையோட வந்து கேட்டா என்ன சொல்லுவீங்க?"

சார் திரையைப் பார்த்தார். அங்கே அவருடைய தலைப்பு இரண்டாள் உயரத்துக்கு நின்றது. கோட்டுப் பைக்குள் கையை விட்டு, எதையும் எடுக்காமல் வெளியே எடுத்தார்.

"அடுத்தவங்களுக்குன்னா சொல்லிடுவேன்" என்றார் மெல்ல. "இதுல நீதானே தூங்கப் போற."

'ஐயா, வணக்கம்' எல்லாம் போய், வீட்டுக் குரலில் கேட்டார் மேடம்:

"நீங்க சொன்னா நான் தூங்குவேங்க. கட்டலாமா, கூடாதா?"

"கட்டலாம்."

மேடம் மைக்கை என் கையில் திணித்துவிட்டுக் கைதட்ட ஆரம்பித்தார். பொறியாளர்கள் எழுந்தார்கள், நிலவியலாளர்களும் வேறு வழியில்லாமல் எழுந்தார்கள். கல்லு சார் 'ஒரு நிமிஷம்' என்பதுபோல ஆள்காட்டி விரலை உயர்த்தினார். வாய் திறந்திருந்தது. கைதட்டல் ஓய்ந்தால் 'இன்னும் ஒரு குழி' என்று விழுந்துவிடும். எனக்கே தெரிந்தது மேடத்துக்குத் தெரியாதா? கைதட்டலை ஓயவிடவில்லை. சார் காத்திருந்தார். விரலைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். பிறகு அந்த விரலை மெதுவாக மடக்கிக்கொண்டார்.