மாப்பிள்ளைக்காக நின்ற தண்ணீர்

போன ஆடி மாதம் மூன்று நாள் லீவு போட்டுப் பேராவூரணிப் பக்கம் போய்வந்தேன். காவிரிப் பாசனத்தின் கடைசி எல்லையான கடைமடைக்கு முதல் தண்ணீர் வருவதைப் படம் பிடிக்க வேண்டும் என்பது காரணம். யாருக்காக என்பதையும் சொல்லிவிடுகிறேன்: மஸ்கட்டில் நர்ஸாக இருக்கும் என் மனைவி தேன்மொழிக்காக. அவள் போய் இரண்டு வருடம் நான்கு மாதம் ஆகிறது. இரண்டு முறை அவளுக்கு லீவு கிடைப்பதுபோல வந்து கைநழுவிப் போனது.

நான் சென்னையில் எக்ஸ்ரே டெக்னீஷியன். பழைய காலத்து டார்க் ரூமில் ஃபிலிம் கழுவிப் பழகியவன். அந்தப் பைத்தியம் தீராமல், பத்து வருடமாகப் பழைய சூப்பர் எட்டு ஃபிலிம் கேமராவில் சோதனைப் படங்கள் எடுக்கிறேன். கதை கிடையாது, ஆள் கிடையாது, வசனம் கிடையாது. சுவரில் வெயில் நகர்வது மட்டுமே ஒரு முழுப் படம். இதில் என்ன சுகம் என்று கேட்பவர்களுக்கு என் பதில் இதுதான்: ஒரு பொருளை மூன்று நிமிடம் விடாமல் பார்த்தால் அது வேறு ஏதோவாக மாறும். அந்த மாறும் நொடிக்காகத்தான் இவ்வளவு பாடு.

தேன்மொழிக்கு இதெல்லாம் தெரியும். ஆனால் நான் அனுப்பும் எந்தப் படத்தையும் அவள் முடிவு வரை பார்த்ததில்லை. பாவம், பன்னிரண்டு மணி நேர டியூட்டி. "நல்லாத்தான் இருந்துச்சுங்க, பாதியிலயே கண்ணு சொக்கிடுச்சு" என்பாள். கோபமே வராது எனக்கு, ஏக்கமாக இருக்கும். ஒரே ஒரு படத்தையாவது அவள் கண் மூடாமல் பார்க்க வேண்டும். அவள் ஊர்த் தண்ணீரையே எடுத்தால் பார்ப்பாள் என்று கணக்குப் போட்டேன். கையில் இருந்தது ஒரே ஒரு சுருள். ஓடினால் மூன்று நிமிடம் இருபது வினாடி.

காலை ஏழே முக்காலுக்கு எழும்பூரில் ரயில். நுழைவாயிலில் பைகளை எக்ஸ்ரே மெஷினுக்குள் விடச் சொன்னார்கள். ஃபிலிமுக்கு அது ஆகாது. "சார், இத மட்டும் கையில பாத்துக்கங்க, எக்ஸ்ரே பட்டா கெட்டுடும்" என்றேன். "நீங்க என்ன வேலை பாக்குறீங்க?" என்று கேட்டார் காவலர். சொன்னேன். மனிதர் ஒரு முறை என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டே விட்டுவிட்டார்.

மதியம் இரண்டு மணிக்குத் தஞ்சாவூர். புதிய பஸ் நிலையத்தில் ஒரத்தநாடு வழியாகப் பட்டுக்கோட்டை போகும் வண்டி கிடைத்தது, நாற்பத்தைந்து ரூபாய். வழி நெடுக வயல்கள் உழவுக்குத் தயாராகக் காய்ந்து கிடந்தன. பட்டுக்கோட்டையில் பஸ் மாறிப் பேராவூரணியில் இறங்கியபோது ஐந்தே கால். தேன்மொழியின் தம்பி பாலு பைக்கோடு நின்றான். அங்கிருந்து தென்னந்தோப்புகளுக்கு நடுவே ஒன்பது கிலோமீட்டர்.

அன்று மாலையே வாய்க்காலைப் போய்ப் பார்த்தேன். எலும்பாகக் காய்ந்து, பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. என் திட்டம் எளிமையானது. முதல் தண்ணீர் சீறிக்கொண்டு வராது, ஊர்ந்து வரும். ஒரு வெடிப்பை நிரப்பும், யோசிக்கும், அடுத்ததற்குப் போகும். கேமராவைத் தரையோடு தரையாக வைத்து அந்த விளிம்பை மட்டும் எடுப்பது. பிறகு நெகட்டிவாகவே விட்டுவிடுவது. நெகட்டிவில் கறுப்பும் வெள்ளையும் இடம் மாறும், ஈர மண் வெள்ளையாகத் தெரியும். கறுப்பு நிலத்தில் வெளிச்சம் ஊர்ந்து வருவதுபோல இருக்கும்.

"காலைல ஏழு மணிக்கு நம்ம மதகுக்கு வந்துரும் மாமா" என்றான் பாலு. மறுநாள் ஆறு மணிக்கே கிளம்பிவிட்டேன். மாமியார் விடுவாரா? வீட்டு மாப்பிள்ளை வெறும் வயிற்றோடு வாசல் தாண்டினால் ஊர் என்ன சொல்லும்? இடியாப்பமும் ஆட்டுக்கால் பாயாவும் ஆகும்வரை உட்காரவைத்துவிட்டார். மணி ஏழரை, எட்டு, எட்டரை. எனக்கோ இருப்புக் கொள்ளவில்லை.

"மெதுவா சாப்புடுங்க மாமா. தண்ணி எங்கயும் போயிடாது" என்றான் வெளியிலிருந்து வந்த பாலு.

"அதெப்புடிடா போகாம இருக்கும்?"

"மதகுல பலகையப் போட்டு நிறுத்தி வச்சிருக்கோம்ல! மாப்புள சாப்புட்டு வரட்டும்னு சொல்லிட்டேன்."

பெருமையாகச் சொன்னான். கையில் எடுத்த இடியாப்பத்தைத் தட்டிலேயே போட்டேன். மற்ற ஊரில் மாப்பிள்ளைக்கு நாற்காலி போடுவார்கள், இங்கே ஆற்றுத் தண்ணீரையே நிறுத்துகிறார்கள்! ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். விஷயம் தெரிந்த பிறகும் நான் உடனே ஓடவில்லை. ஐந்து நிமிடம் நின்று லென்ஸைத் துடைத்தேன். நமக்காகத்தானே நிற்கிறது என்று ஒரு நினைப்பு.

மதகுக்குப் போனால், ஒன்றரை மணி நேரத் தண்ணீர் பலகைக்குப் பின்னால் இடுப்பளவு ஏறி நிற்கிறது. நான் கீழே வாய்க்காலுக்குள் கேமராவை வைத்து, "கொஞ்சமா தெறடா" என்று சொல்லி முடிப்பதற்குள் பலகை பிய்த்துக்கொண்டு வந்தது. ஊர்வதாவது, யோசிப்பதாவது! சருகு, நுரை, பாலிதீன், செருப்பு எல்லாம் சேர்ந்து ஒரே பாய்ச்சல். கேமராவைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். ஓடும்போது விசையிலிருந்து விரலை எடுக்கத் தோன்றவே இல்லை. கரையேறி உட்கார்ந்து கேமராவின் ஃபிலிம் மீட்டரைப் பார்த்தால், மிச்சம் ஐம்பது வினாடி. மற்றதெல்லாம் என் வேட்டியும் வானமும்.

அழுகை வந்தது, சத்தியமாக. அதற்கும் நேரம் கிடைக்கவில்லை. மண்வெட்டியோடு ஒரு அம்மா கரை மேல் விறுவிறுவென்று வந்தார். மதகுக்குக் கீழே குத்தகைக்கு நிலம் வைத்திருக்கும் சரோஜா அக்கா.

"ஏன்டா பாலு, ஒனக்கு அறிவிருக்கா? நாத்தங்கால் மூணு நாளா வெடிச்சுக் கெடக்கு. நீ தண்ணியப் புடிச்சு வச்சு வெளாட்டுக் காட்டுறியா?" என்றவர் என் பக்கம் திரும்பினார். "நீங்க படிச்சவங்கதானே மாப்புள, சொல்லக் கூடாதா?"

தலை கவிழ்ந்து நின்றேன். "தப்புதான்க்கா. தெரிஞ்சும் அஞ்சு நிமிஷம் நின்னுட்டேன்."

அந்தப் பதிலை அவர் எதிர்பார்க்கவில்லைபோல. குரல் கொஞ்சம் இறங்கியது. "சினிமாவா?"

"ஆமாக்கா."

"யாரு நடிக்கிறா?"

"யாருமில்ல. தண்ணிதான்."

"கதை?"

"அதுவும் இல்ல."

"அப்ப எந்தப் புண்ணியவான் பாப்பான் அத?"

"தேன்மொழி பாக்கணும்க்கா."

அக்கா வாய்க்காலை ஒரு முறை பார்த்தார். பிறகு மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டார். "வாங்க. என் வயலு மேடு. அதுல தண்ணி ஏறி வர்றதுக்குள்ள ஒரு தடவ வெத்தல போட்டு முடிச்சுரலாம்."

வரப்பில் வாமடையை வெட்டித் தண்ணீருக்கு வழிவிட்டார். அவர் சொன்னது சரி. தண்ணீர் மேட்டில் ஏற யோசித்தது. ஒரு வெடிப்புக்குள் போய்க் காணாமல் போனது, ஒரு சாண் தள்ளி எட்டிப் பார்த்தது. வெயில் முதுகில் அடித்தது. கேமராவை வரப்போரம் வைத்து விசையைப் பூட்டினேன். ஐம்பது வினாடியும் ஒரே மூச்சில் ஓடியது. முடியும் முன்பே சந்தோஷம் தாங்காமல் எழுந்து நின்றுவிட்டேன். "அவ்ளோதானா?" என்றார் அக்கா, வெற்றிலையை மென்றுகொண்டு.

இதுபோல எடுக்கப் போகிறவர்களுக்கு: தண்ணீர் வரும் நாளை ஊர்க்காரர்களிடம் தினமும் கேளுங்கள், இரண்டு நாள் முன்பின் ஆகும். வேட்டி வேண்டாம், அரைக்கால் சட்டை போடுங்கள். மாப்பிள்ளை உறவு உள்ள ஊர் என்றால் முந்தின நாளே சாப்பாட்டைப் பேசி முடித்துவிடுங்கள். உங்களுக்காக யாராவது எதையாவது நிறுத்தி வைத்தால், முதலில் அதைத் திறந்துவிடச் சொல்லுங்கள், கேமரா பிறகு. ஃபிலிமை வீட்டிலேயே காப்பித்தூள், சலவைச் சோடா, வைட்டமின் சி போட்டுக் கழுவலாம். ஆனால் சிக்கரி கலக்காத தூளாகக் கேட்டு வாங்குங்கள். கழுவும் டப்பாவை ஒரே சீராக ஆட்டுங்கள். அவசரப்பட்டால் கோடு விழும்.

சென்னை திரும்பிக் குளியலறையில் கழுவினேன். வேட்டியையும் வானத்தையும் வெட்டி எறிந்துவிட்டு, ஐம்பது வினாடியை மட்டும் டிஜிட்டலாக மாற்றித் தேன்மொழிக்கு அனுப்பினேன். நான்கு நாள் ஒரு பதிலும் இல்லை. இதற்கும் தூங்கிவிட்டாள் என்றே முடிவு செய்துகொண்டேன். வெள்ளிக்கிழமை அவளுக்கு ஓய்வு நாள். மதியம் கூப்பிட்டாள்.

"கடைசில வெள்ளையா ஒண்ணு எந்திரிக்குதே, அது யாருங்க?"

கூசிப்போனேன். நெகட்டிவில் நிழல் வெள்ளையாகத்தான் விழும். "என் நிழல்தான். கவனிக்கல. வெட்டிட்டு வேற அனுப்புறேன்."

"வெட்டாதீங்க" என்றாள் அவசரமாக. "தண்ணிய பாலு எவ்வளவோ அனுப்பியிருக்கான். நாலு நாளா நான் அத மட்டுந்தான் பாக்குறேன்."

மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டாள்:

"வலது முட்டி வலிக்குதா ஒங்களுக்கு? கையால முட்டுக் குடுத்துல்ல எந்திரிக்கிறீங்க. எத்தன மாசமா? ஏன் எங்கிட்ட சொல்லல?"