அங்க ஆர் இருக்கினம்?

2024 செப்டெம்பர் 12, வியாழக்கிழமை. வழக்கம்போல் ஐந்தரைக்கு எழுந்தேன். லண்டனில், எங்கள் நோர்பரி வீட்டில் எழுந்ததும் என்ன செய்வேனோ அதையே இங்கும் செய்தேன். முகம் கழுவிக் கேத்தலைப் போட்டு, தண்ணீர் கொதிக்கும்வரை நின்றபடியே போனில் குடும்பக் குழுவைப் பார்த்தேன். கனடாவில் இருப்பவர்கள் இரவு அனுப்பியவை வந்து கிடந்தன: ஒரு பிறந்தநாள் கேக், ஒரு குழந்தையின் முதல் பல், யாரோ வாங்கிய புதிய கார். லண்டனிலிருந்து கொண்டுவந்த தேயிலையில் தேநீர் போட்டு, ஒரு கோப்பையைக் கணவரின் கட்டிலடியில் வைத்துவிட்டு, மற்றதோடு ஜன்னலுக்குப் போனேன்.

ஜன்னல்தான் நோர்பரி ஜன்னல் இல்லை. இடப்பக்கம் கழுத்தைத் திருப்பினால் அட்ரியாட்டிக் கடல். வலப்பக்கம் மயெல்லா மலை, உச்சியில் மரமே இல்லாமல் வெளிறிப்போன பாறையாக. இரண்டுக்கும் நடுவில் ஒலிவ் மரங்களும் திராட்சைக் கொடிகளும் மேடு பள்ளமாகக் கிடந்தன. நாங்கள் தங்கியிருந்த சிறிய ஊர் அந்த மேடுகளில் ஒன்றின் முதுகில் இருந்தது.

இத்தாலியில் அப்ரூட்சோ என்று ஒரு மாகாணம் இருப்பது போன வருடம்வரை எனக்குத் தெரியாது. நான் தேடியது மலையையோ கடலையோ அல்ல, எங்கள் ஆட்கள் ஒருவரும் இல்லாத ஓர் இடத்தை. மிலானில் கணவரின் பெரியம்மா மகன் இருக்கிறார். பலெர்மோவில் கணவரோடு படித்தவர் கடை வைத்திருக்கிறார். ரோமில் தெரிந்த ஒருவரின் மகள் படிக்கிறாள். இவர்களையெல்லாம் விலக்கிக்கொண்டு வரைபடத்தில் விரலைக் கீழே இறக்கியபோது இந்தப் பக்கம் தட்டுப்பட்டது.

இதை யாரிடம் சொன்னாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். தோர்ண்டன் ஹீத்தில் நாங்கள் மரக்கறி வாங்கும் கடைக்காரர் வெண்டிக்காயைத் தராசில் போட்டபடி, "இத்தாலியோ? அங்க ஆர் இருக்கினம்?" என்றார்.

"ஒருத்தரும் இல்லை."

"அப்ப ஏன் போறியள்?"

விம்பிள்டன் கோயிலில் அர்ச்சனைச் சீட்டு வரிசையில் நின்ற தோழியும் அதையே கேட்டாள். கேட்பதில் பிழையில்லை. எங்களுக்கு விடுமுறை என்றால் உறவுக்காரர் வீடுதான். ரொறன்ரோ, பாரிஸ், ஒஸ்லோ, சூரிச் எல்லாம் போயிருக்கிறோம். எங்கே போனாலும் விமான நிலையத்துக்கு ஒரு கார் வரும், ஒரு பிள்ளையின் அறையைக் காலி செய்து தருவார்கள், அன்றிரவே சமையல் தொடங்கும். ஆண்கள் முன்னறையில், பெண்கள் குசினியில். நயாகராவைப் பார்த்தது அரை நாள். அந்தப் பயணத்தின் மிச்சமெல்லாம் எனக்கு வெங்காயமாகத்தான் ஞாபகம். என் கணவர் முன்னறையில் சிரிப்பது குசினிவரை கேட்கும். எதற்குச் சிரித்தார் என்று கேட்டால், திரும்பி வரும் விமானத்தில் அவருக்கு மறந்துபோயிருக்கும்.

அதனால்தான் இந்த முறை நானும் அவரும் மட்டும், ஒரு மேசையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து சாப்பிடுவது என்று முடிவெடுத்தேன். திங்கட்கிழமை லண்டன் திரும்பும்வரை அது ஒன்றுதான் என் திட்டம்.

அன்று மதியம் கடற்கரைக்கு இறங்கினோம். அந்தக் கரையில் பழைய மீன்பிடி மேடைகள் இருக்கின்றன. மரக்கால்களை நட்டு, கடலுக்குள் நீட்டி, நீண்ட கம்புகளில் பெரிய வலையைத் தொங்கவிட்டு இறக்கி ஏற்றுவார்கள். சிலவற்றில் இப்போது சாப்பாடு போடுகிறார்கள். பலகை இடுக்குகளால் கீழே தண்ணீர் தெரிந்தது. இருவருக்கான மேசை. நெத்தலி, கணவாய், ஒரு தட்டு மட்டி. கணவர் தன் சட்டைப் பையிலிருந்து சிறிய போத்தலை எடுத்து மிளகாய்த் தூளைத் தூவிக்கொண்டார்.

"சாப்பாடு கொண்டுவந்த மனுசன் பாக்குது," என்றேன்.

"பாக்கட்டும். அவையின்ர சமையலில குறை ஒண்டும் இல்லை. என்ர நாக்கிலதான் குறை."

நான் சிரித்துவிட்டேன். அவர் அதைக் கவனித்தார். பிறகு, தான் பாடசாலை நாட்களில் கடலில் நீந்தப் பழகிய கதையைச் சொன்னார். மணமுடித்து இருபத்தெட்டு வருடத்தில் நான் கேட்டிராத கதை. அது பாதியில் நிற்கும்போது போன் அடித்தது. சூரிச்சிலிருந்து என் அண்ணை.

"தங்கச்சி, நாளைக்கு லீவு போட்டிட்டன். விடிய நாலு மணிக்கு வெளிக்கிட்டா பின்னேரம் உங்க வந்திடுவம். அண்ணியும் வாறா. நண்டு வாங்கிப்போட்டன், ஐஸ் பெட்டியில கொண்டு வாறன். இடியப்ப மாவும் வருது. நீ ஒண்டுக்கும் யோசியாத."

"அண்ணை, உங்களுக்கு ஆர்..."

"அட்ரஸ் இருக்கு. குறூப்பில உவர் போட்டவரெல்லோ."

வைத்துவிட்டார். கணவரைப் பார்த்தேன். அவர் மட்டியின் ஓட்டை மிகக் கவனமாகத் திறந்துகொண்டிருந்தார்.

"அட்ரஸ் போட்டனீங்களோ?"

"எங்க போனாலும் போடுறதுதானே. ஏதும் நடந்தா ஆருக்காவது தெரிய வேணுமெல்லோ." அண்ணையின் குரல் அவருக்கும் கேட்டிருக்கிறது. அடுத்த மட்டியை எடுத்தபடி, "நண்டோ கொண்டு வாறார்?" என்றார்.

"உங்களுக்கு நண்டு வேணுமோ?"

"நான் அப்பிடிச் சொல்லேல்லை."

"நாளைக்கு மலைக்குப் போறதெண்டு சொன்னனாங்கள்."

"உம்மட அண்ணை. நீர்தான் சொல்ல வேணும். நான் சொன்னா அவர் ஆயுசுக்கும் கதைக்க மாட்டார்."

அது உண்மை. அண்ணையிடம் நான் ஒருநாளும் மாட்டேன் என்று சொன்னதில்லை. அப்பா இறந்த பிறகு என்னைப் படிக்க வைத்தவர், லண்டனில் மாப்பிள்ளை பார்த்தவர், எனக்கு மகன் பிறந்தபோது பனிக்குள் கார் ஓட்டிக்கொண்டு பத்தியக் கறி கொண்டுவந்தவர். அவர் வந்தால் என்ன நடக்கும் என்பதும் எனக்குத் தெரியும். நாளை முழுவதும் காத்திருப்பேன். பிறகு அந்தச் சின்னக் குசினியில் அண்ணியும் நானும் நண்டு உடைப்போம். கணவரின் நீச்சல் கதையின் மிச்சம் முன்னறையில் அண்ணைக்குப் போகும்.

சாப்பாட்டுக்குப் பிறகு கடலோரமாக நடந்தோம். பழைய ரயில் பாதை அது, தண்டவாளத்தை எடுத்துவிட்டு நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் விட்டிருக்கிறார்கள். எனக்குக் குரோய்டனில் ஒரு பல் வைத்தியரின் வரவேற்பு மேசையில் வேலை. நாள் முழுவதும் ஆட்களிடம் இல்லை என்று சொல்வதுதான் என் தொழில். இன்றைக்கு இடமில்லை, புதன்கிழமை வாருங்கள். பல்வலியோடு கத்துகிறவரிடமும் குரலை உயர்த்தாமல் சொல்வேன். அந்தக் குரலில் அண்ணைக்குச் சொல்ல வேண்டியதை நடந்தபடியே சொல்லிப் பார்த்தேன். தமிழில் அது வரவில்லை. இருந்தாலும் சொல்வதென்று முடிவுசெய்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும், செருப்பைக் கழற்றுவதற்கு முன் அண்ணைக்குப் போன் எடுத்தேன்.

"அண்ணை, நாளைக்கு வராதேங்கோ."

"ஏன்? ஆருக்கும் சுகமில்லையோ?"

"எல்லாருக்கும் சுகம். நாங்கள் ரெண்டு பேரும் தனிய நிக்கத்தான் வந்தனாங்கள்."

அந்தப் பக்கம் ஒரு கதவு சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு குரலைத் தாழ்த்தி, "அவரோட ஏதும் பிரச்சினையோ? மறைக்காமச் சொல்லு," என்றார்.

"ஒரு பிரச்சினையும் இல்லை. அவரோட கதைக்க வந்தனான்."

"விசரே உனக்கு? இவ்வளவு காலம் ஒரு வீட்டுக்குள்ள இருந்து கதைக்காததை இத்தாலியில என்னத்தைக் கதைக்கப் போறாய்?"

"அதைத்தான் நானும் பாக்கப் போறன்."

"அப்ப நாங்கள் இடைஞ்சல். விளங்குது."

"இடைஞ்சல் எண்டு நான் சொல்லேல்லை அண்ணை. வராதேங்கோ எண்டுதான் சொல்லுறன்."

"நண்டு வாங்கிப்போட்டன், பிள்ளை."

அந்தப் பிள்ளை என்ற சொல்லில் நான் அரைவாசி விழுந்துவிட்டேன். கணவர் கதவடியில் நின்று, நான் விழுவேனா என்று பார்த்துக்கொண்டிருந்தார். சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன்.

"ஃபிறீசரில போடுங்கோ. டிசம்பரில நத்தார் லீவுக்கு நாங்கள் சூரிச்சுக்கு வாறம். அப்ப வந்து சாப்பிடுறம். இப்ப ஏலாது அண்ணை."

"சரி," என்றார். வழக்கமாகச் சொல்லும் "வைக்கட்டே" சொல்லாமலே வைத்தார்.

வீட்டுக்காரப் பெண் கீழ்த்தளத்தில் இருப்பவர். எங்கள் வயதுதான். கதவுக்கு வெளியே துணி மடித்துக்கொண்டிருந்தவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, போனைக் காட்டி, யார் என்று கையால் கேட்டார். "சகோதரன்" என்பதை மொழிபெயர்ப்புச் செயலியில் காட்டினேன். வரப்போகிறாரா என்று கேட்டார். இல்லை என்றேன். அவர் நெஞ்சில் கை வைத்து வருந்தினார். தன் சகோதரர்கள் ஒவ்வொரு ஞாயிறும் வருவார்கள் என்றும், பன்னிரண்டு பேருக்குச் சமைப்பதாகவும் செயலியிலும் விரல்களாலும் சொன்னார். சொல்லி முடித்துத் தோளைப் பிடித்துவிட்டுக்கொண்டார். அதை மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

இரவுச் சாப்பாட்டுக்கு ஆட்டிறைச்சியைச் சிறு கம்பிகளில் குத்திச் சுட்டு விற்கும் கடைக்குப் போனோம். கணவர் மிளகாய்த் தூள் போத்தலை எடுக்கவில்லை. "நண்டு போனா என்ன," என்றார், பிறகு நீச்சல் கதையை விட்ட இடத்திலிருந்து தொடங்கினார். ஒரு நாள் அலை அவரை இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. வீட்டில் ஒருவருக்கும் சொல்லவில்லையாம்.

"எனக்கும் சொல்லேல்லையே."

"நீர் கேக்கேல்லை."

"நீங்கள் முன்னறையில இருந்தனீங்கள்."

அவர் இன்னொரு கம்பியை எடுத்து என் தட்டில் வைத்தார்.

திரும்பி வரும்போது அண்ணியின் குரல்பதிவு வந்திருந்தது. குசினிக்குள் ஒளிந்து நின்று பேசுகிறார் என்பது தெரிந்தது. பின்னால் காற்றை இழுக்கும் விசிறி ஓடிக்கொண்டிருந்தது. "இஞ்ச பார், உன்ர அண்ணர் முகத்தைத் தூக்கி வைச்சுக்கொண்டு ரிவி பாக்கிறார். அலாரத்தை நிப்பாட்டிப்போட்டார். நண்டை நான் ஃபிறீசரில போட்டிட்டன். நீ மலைக்குப் போ." ஒரு மூச்சு இடைவெளி. "ரெண்டு பேர் தனிய வாறதெண்டா உங்க எப்பிடி வாறது, எங்க தங்கிறது? எனக்கு மட்டும் அனுப்பிவிடு. குறூப்பில போடாத."

மறுநாள் வெள்ளிக்கிழமை. ஐந்தரைக்கு எழுந்து கேத்தலைப் போட்டேன். குடும்பக் குழுவைத் திறக்கவில்லை. முதல் வேலையாக அண்ணிக்கு எந்த விமான நிலையத்தில் இறங்க வேண்டும் என்பதையும், இருவருக்கு எந்த அறை நல்லது என்பதையும் எழுதி அனுப்பினேன். பிறகு போனை அணைத்து மேசை இழுப்பறைக்குள் வைத்துவிட்டு, மலைக்குப் போட வேண்டிய சப்பாத்துகளை இரண்டு சோடியாகக் கதவடியில் எடுத்து வைத்தேன்.