அச்சமற்ற வகுப்பறைக்கு ஒரு கருத்தாளர்

நாகலாபுரம் பக்கத்து நடுநிலைப் பள்ளி ஒன்றில் அறிவியல் நடத்தும் தீபலட்சுமி டீச்சருக்குத் தீக்குச்சி உரச வராது. பாதி வீடுகளில் தீப்பெட்டி வருமானத்தில்தான் உலை கொதிக்கும் என்கிற சீமையில் பிறந்து, பெயரிலேயே தீபத்தையும் வைத்துக்கொண்டிருப்பவருக்கு இப்படி ஒரு குறை.

சிறுபிள்ளையில் விடுமுறை நாளொன்றில் அம்மா வேலைபார்த்த தீப்பெட்டித் தொழிற்சாலைக்கு, ஊர்ப் பேச்சில் தீப்பெட்டி ஆபீசுக்கு, கூடப் போயிருந்தார். மருந்தில் முக்கிக் காயவைத்திருந்த குச்சிச் சட்டம் ஒன்று குப்பென்று பிடித்துக்கொண்டது. யாருக்கும் பெரிதாக ஒன்றுமில்லை. இவருடைய சடை நுனி கருகியதோடு சரி. அதுதான் வினையாகப் போயிற்று. ஒரு தழும்பாவது இருந்தால் காட்டிவிட்டு நிம்மதியாகப் பயப்படலாம். சடை வளர்ந்துவிட்டது, பயத்துக்குச் சாட்சி இல்லாமல் போனது. வீட்டில் அடுப்புக்கு லைட்டர். கார்த்திகைக்கு விளக்கேற்றுவது கணவர்.

வகுப்பில் சாராய விளக்கு ஏற்றவேண்டிய பாடம் வந்தால் என்ன செய்வது? பிள்ளைகளே ஏற்றுவார்கள். சோதனையையும் அவர்களே செய்வார்கள். டீச்சர் வாசலோரம் நின்றபடி, "ஏலே, நீலமா எரியுதா, மஞ்சளா எரியுதா? ஏன் அப்படி?" என்று கேட்டுக்கொண்டிருப்பார். ஒருமுறை ஆய்வுக்கு வந்த அதிகாரி இதைப் பார்த்து அசந்துபோனார். ஆசிரியர் மையத்திலிருந்து விலகி நின்று வகுப்பைப் பிள்ளைகளிடம் ஒப்படைத்திருக்கிறார் என்று எழுதிவைத்துவிட்டுப் போனார். விலகி நின்றது மையத்திலிருந்தா, விளக்கிலிருந்தா என்று அவர் கேட்கவில்லை. டீச்சரும் சொல்லவில்லை.

அப்படித்தான் கோவில்பட்டியில் நடந்த மாணவர் மையக் கல்வி மாநாட்டில் ஒரு பயிலரங்கை நடத்தித்தரும் கருத்தாளர் ஆனார் அவர். தலைப்பு: அச்சமற்ற வகுப்பறை.

பயிலரங்கைத் திட்டமிடுவதில் அவருக்கு இணை விளாத்திகுளத்து ஆசிரியர் பாண்டியராஜன். உற்சாகமான ஆள். தயக்கம் போக்க அவர் ஒரு விளையாட்டு கண்டுபிடித்திருந்தார். வட்டமாக உட்கார்ந்து ஆளுக்கொரு தீக்குச்சியை உரசவேண்டியது, அது அணைகிறவரை தன்னைப் பற்றிப் பேசவேண்டியது. நம்ம ஊர்ப் பொருள், செலவில்லை, யாரும் ரொம்ப நேரம் அறுக்கவும் முடியாது என்றார் போனில்.

தீபலட்சுமி நேரடியாக மறுக்கவில்லை. யாரையும் விட்டுவிடாத பயிலரங்கு அல்லவா, கை நடுங்குகிறவர்கள் வந்தால் என்ன செய்வது, கண் தெரியாத ஆசிரியர் வந்தால் என்ன செய்வது என்று சுற்றி வளைத்துக் கேட்டுப் பார்த்தார். நானே பக்கத்தில் உட்கார்ந்து உரசிக் கொடுக்கிறேன் டீச்சர் என்றுவிட்டார் பாண்டியராஜன். ஊரில் உள்ள எல்லாருக்கும் அந்தத் திட்டத்தில் இடம் இருந்தது. கூட இருந்து திட்டம் போட்ட தீபலட்சுமிக்கு மட்டும் இல்லை.

இதற்குள் மண்டபமும் மத்தியானச் சாப்பாடும் தருகிற தீப்பெட்டி முதலாளி வேல்சாமி அண்ணாச்சி காதுக்கு விஷயம் எட்டி, மாநாட்டுப் பேரிலேயே லேபிள் அடித்துத் தனித் தீப்பெட்டிகள் தயாராகிவிட்டன. லேபிள் அடித்த பிறகு எதையும் மாற்றுவது அந்த ஊரில் வழக்கமில்லை.

மாநாட்டன்று காலை குத்துவிளக்கு ஏற்றக் கூப்பிட்டபோது டீச்சர் சார்ட் பேப்பர் எடுத்துவரப் போயிருந்தார். அது தப்பித்தாயிற்று. பயிலரங்கில் தப்பிக்க வழியில்லை. நாற்காலிகளை வட்டமாகப் போட்டதே அவருடைய யோசனைதான். வட்டத்தில் ஒளிந்துகொள்ளக் கடைசி வரிசை கிடையாது.

"மொதல்ல நம்ம டீச்சர்," என்று பாண்டியராஜன் தீப்பெட்டியைக் கையில் கொடுத்தார்.

பெட்டியைத் திறந்ததும் மருந்து வாசனை. ஒரு குச்சியை எடுத்தார், அது விரலிடுக்கிலிருந்து நழுவிவிட்டது. இன்னொன்று எடுத்தார். பெட்டியோரம் கொண்டுபோன கை அங்கேயே நின்றது. எல்லாரும் சிரித்த முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எனக்குத் தீக்குச்சி உரசப் பயம்," என்றார்.

கைதட்டல் எழுந்தது. பாருங்கள், எவ்வளவு இயல்பாக ஆரம்பிக்கிறார்கள், பயத்தை முதலில் கருத்தாளரே நடித்துக் காட்டவேண்டும் என்று பாண்டியராஜன் விளக்கவும் செய்துவிட்டார். ஒருவர் குறிப்பெடுத்தார். அப்படியே விட்டிருந்தால் போதும், மானம் தப்பியிருக்கும். வட்டத்தில் உட்கார்ந்திருந்த, வேறொரு பள்ளியின் தலைமை ஆசிரியை ராமலட்சுமி மட்டும் கைதட்டவில்லை. ஓய்வுபெறப் போகிற வயது, நடுங்குகிற கைக்கும் நடிக்கிற கைக்கும் வித்தியாசம் தெரிந்தவர்.

"நெசமாவா சொல்லுதீங்க?"

"நெசந்தான் மேடம்."

"அப்ப பள்ளிக்கூடத்துல வெளக்க யாரு பத்த வைக்கா?"

"பிள்ளைங்க. நான் வாசலோரமா நிப்பேன்."

ராமலட்சுமி நாற்காலியை முன்னால் நகர்த்தினார்.

"பிள்ளைங்கள பத்தவைக்கச் சொல்லிட்டு நீங்க வாசல்ல நின்னிய?"

இந்தக் கேள்வி வரும் என்று எத்தனையோ வருடமாக அவருக்குத் தெரியும். ஆய்வு அதிகாரி கேட்பார், தலைமை ஆசிரியர் கேட்பார், பெற்றோர் கேட்பார்கள் என்று ஒவ்வொருவராக நினைத்துப் பயந்து பதிலும் தயாராகத்தான் வைத்திருந்தார். வாயில் வந்தது வேறு.

"ஏதாவது ஆயிட்டா பிள்ளைங்கள வெளிய இழுத்துட்டு வாரதுக்கு நிக்குதேன்னுதான் மேடம் நெனச்சுக்கிட்டேன். இப்ப நீங்க கேக்கும்போதுதான் தெரியுது, நான் ஓடுறதுக்கு நின்னிருக்கேன்."

பாண்டியராஜன் தீப்பெட்டியை மெல்ல அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். என்ன செய்வது என்று தெரியாமல் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

ராமலட்சுமி திட்டப்போகிறார் என்றுதான் தீபலட்சுமி நினைத்தார். திட்டியிருந்தால் தேவலை.

"பிள்ளைங்களுக்கு இது தெரியுமா?"

"தெரியாது மேடம். அவங்கள நம்பித்தான் விடுதேன்னு நெனைச்சிட்டு இருக்காங்க."

"அப்ப அங்கன சொல்லாம இங்கன வந்து எங்ககிட்டச் சொல்லி என்னம்மா?"

சொல்லிவிட்டு அவர் தன் முறையை எடுத்துக்கொண்டார். தனக்குக் கணக்கில் பின்னம் ஒருநாளும் பிடிபட்டதில்லை என்று தொடங்கினார். எரிகிற குச்சி எதுவும் இல்லாததால் நிறுத்தவேண்டிய அவசியமும் இல்லாமல் போயிற்று. அவர் முடித்ததும் அடுத்தவர், அவருக்கு அடுத்தவர் என்று ஆளாளுக்கு ஒரு பயத்தை எடுத்துவைத்துப் பேச, பாண்டியராஜன் போட்டிருந்த மற்ற நடவடிக்கைகளுக்கு இடமே இல்லை. கடைசியில் எழுந்து நின்று கைதட்டினார்கள். மாநாட்டிலேயே சிறந்த பயிலரங்கு இதுதான் என்று நன்றியுரையில் சொன்னார்கள். லேபிள் போட்ட பெட்டிகளை வேல்சாமி அண்ணாச்சி ஆளுக்கொன்றாகக் கொடுத்தனுப்பினார். தீபலட்சுமிக்கும் ஒன்று கொடுத்தார். மறுக்கத் தைரியம் இல்லாமல் வாங்கிக்கொண்டார்.

ஊர் திரும்பும்போது விளாத்திகுளம் பஸ்ஸில் தீபலட்சுமிக்கு ஜன்னலோரம் இடம் கிடைத்தது. வெளியே உழுதுபோட்ட கரிசல் மழைக்குக் காத்துக்கிடந்தது. தீப்பெட்டி கிடந்த கைப்பையை மடியில் வைத்துக்கொள்ளாமல் காலடியில் தள்ளி வைத்திருந்தார். காலையில் இருந்ததைவிட இப்போது பயம் கூடியிருந்தது. மண்டபத்தில் சொன்னதையே திங்கட்கிழமை வகுப்பில் எப்படித் தொடங்குவது என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். 'பிள்ளைகளா' என்பதற்கு மேல் வார்த்தை வரவில்லை.

பெரியவர்கள் கைதட்டி முடித்துவிட்டார்கள். அவருடைய ஏழாம் வகுப்பு கைதட்டாது. ஏன் டீச்சர் என்று கேட்கும். கேட்கச் சொல்லிக் கொடுத்தவரே அவர்தான்.