ஒன்று ஐம்பதுக்குச் சூடாகும் பிரிட்ஜ்

நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம் என்று சொல்லி நான் தப்பிக்கப் போவதில்லை. இது நடந்தது. நடந்த இடம் லண்டனில், மிச்சம் என்கிற ஊர்ப்பக்கம், ஒரு கார் திருத்தும் கராஜின் பின்வளவு. நடந்தது கிளறிற்றாவுக்கு. அவள் பதினேழு வருடங்களாக முதியோர் இல்லம் ஒன்றில் இரவு வேலை செய்பவள். செத்தவர்களைத் துடைத்து, உடுப்பு மாற்றி, கண்ணை மூடிவிட்டு, பிறகு கை கழுவிக்கொண்டு தேநீர் குடிக்கக்கூடியவள். பயந்த சுபாவம் என்று அவளை யாரும் சொல்ல முடியாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இதில் இருட்டு இல்லை. எல்லாம் பட்டப்பகலில் நடந்தவை. இரவு வேலை செய்பவர்களுக்குப் பகல்தானே இரவு.

இரண்டு வருடங்களுக்கு முன், ஒக்டோபர் மாதம். கிளறிற்றாவும் கணவன் யேசுரட்ணமும் மோர்டனில் இருந்த வீட்டை விற்றுவிட்டார்கள். வாங்கவிருந்த வீட்டின் பத்திர வேலை இழுபட்டுக்கொண்டு போனது. இடையில் எங்கே இருப்பது? யேசுரட்ணத்துக்கு ஒரு பழைய ஆசை இருந்தது. சமையலறை, கட்டில், குளியலறை எல்லாம் உள்ளேயே இருக்கிற மோட்டர்ஹோம் ஒன்று வாங்கி, அதிலேயே லூர்து மாதாவிடம் போய்வர வேண்டும் என்று. பஸ் ஓட்டுபவர், பெரிய வண்டி அவருக்குப் புதிதல்ல. பழைய மோட்டர்ஹோம் ஒன்றை வாங்கினார்கள். தெரிந்த பெடியன் வருண் தன் கராஜின் பின்வளவில் நிறுத்த இடம் கொடுத்தான். கரண்ட் வயரும் இழுத்துக் கொடுத்தான்.

எல்லாம் சரி, பிரிட்ஜைத் தவிர.

வண்டியோடு வந்தது சின்னப் பிரிட்ஜ். காஸிலும் ஓடும், பற்றறியிலும் ஓடும், கரண்டிலும் ஓடும். ஆனால் வண்டி மட்டமாக நிற்க வேண்டும். வளவோ சரிவு. காலையில் குளிர்ந்திருக்கும், மத்தியானம் தண்ணீர் ஒழுகும். யேசுரட்ணம் சீனி வருத்தக்காரர், நாளுக்கு நான்கு முறை இன்சுலின் போடுபவர். இன்சுலின் குளிரில் இருக்க வேண்டும்.

"வீட்டுப் பிரிட்ஜ் ஒண்டு போடுங்கோ அண்ணை," என்றான் வருண். "வண்டிக்கெண்டு விக்கிறது சின்னன், விலையும் கூட. வீட்டுப் பிரிட்ஜ் சரிவிலையும் வேலை செய்யும். கதவுக்கு மட்டும் வெளியாலை ஒரு கொக்கி வேணும். இல்லாட்டி வண்டி ஓடேக்கை திறபடும்."

கிளறிற்றா அளவு நாடாவோடு இரண்டு நாள் திரிந்தாள். பிரிட்ஜ் வண்டியின் வாசலுக்குள் நுழைய வேண்டும். கதவு இடப்பக்கம் திறக்க வேண்டும். உள்ளே காற்றாடி சுழல்கிற வகை வேண்டாம், அது கரண்ட் தின்னும். கடைசியில், கட்டிலுக்கு எதிரே இருந்த உடுப்பு அலுமாரியை வருண் கழற்றி எடுத்தான். அந்த இடத்துக்கு அளவாக, நெஞ்சளவு உயரத்தில் ஒன்று, ரெய்னர்ஸ் லேனில் பழைய சாமான் விற்கும் பாலேந்திராவிடம் கிடைத்தது.

"கனடாவுக்குப் போன சனத்தின்ர. ஒரு கீறல் இல்லை, பாருங்கோ," என்றார் அவர்.

முன் கண்ணாடிப் பக்கத்து ஆசனத்தைக் கழற்றி, நான்கு பேர் சேர்ந்து உள்ளே ஏற்றினார்கள். வண்டி நிற்கத்தானே போகிறது என்று கொக்கியைப் பிறகு பார்க்கலாம் என விட்டுவிட்டார்கள். அன்று பின்னேரம் கிளறிற்றா மீன் குழம்பு வைத்து, மிச்சத்தைப் பெட்டியில் போட்டு உள்ளே வைத்தாள். மறுநாள் குழம்பு கட்டியாக உறைந்திருந்தது. அவளுக்குச் சந்தோசம்.

அவர்கள் வாழ்க்கை இப்படித்தான். அவர் காலை ஐந்துக்குப் போவார், பின்னேரம் நான்குக்கு வருவார். அவள் காலை எட்டரைக்கு வந்து, குளித்து, திரைச்சீலைகளை இழுத்துவிட்டுப் படுப்பாள். மூன்று மணிக்கு எழும்புவாள்.

ஐந்தாம் நாள் மூன்று மணிக்கு எழும்பிப் பிரிட்ஜைத் திறந்தாள். கீழ்த் தட்டில் இருந்த பால், தயிர், கறிப்பெட்டி எல்லாம் முன்னுக்கு வந்து கதவோரம் நெருக்கிக்கொண்டு நின்றன. பின்னால் முழுவதும் வெறுமை. வளவின் சரிவு என்று நினைத்தாள். பிறகு யோசித்தாள். சரிவு முன்னுக்கு அல்ல, பின்னுக்கு.

மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாள் கதவு ஒரு சாண் அளவு திறந்திருந்தது. உள்விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

யேசுரட்ணம் வந்து பார்த்தார். "ஏன் இதைத் திறந்து விட்டிட்டுப் படுத்தனீர்?"

"நான் திறக்கேல்லை."

"அப்ப ஆர் திறந்தது?"

அவள் கதவை அழுத்தி மூடினாள். அடுத்த கிழமை மூன்று தடவை கதவு திறந்து கிடந்தது. அவர் பேச்சைக் குறைத்துக்கொண்டார்.

அந்த வெள்ளிக்கிழமை அவர் வேலையில் மயங்கி விழுந்தார். சீனி மேலே ஏறிப் போயிருந்தது. இரண்டு நாள் ஆஸ்பத்திரி. ஊசி ஒழுங்காகத்தான் போட்டார், மருந்துதான் வேலை செய்யவில்லை, அது சூடுபட்டுப் பழுதாகியிருக்கிறது என்றார்கள்.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும் வழியில் அவர் மெல்லச் சொன்னார். "உமக்கு வேலைக் களைப்பு. நித்திரையிலை எழும்பித் திறக்கிறீர் போல. எனக்குக் கோவமில்லை, கிளறி."

கோபித்திருந்தால் அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். பதினைந்து வருடம் ஊரார் தாய் தகப்பனுக்கு மருந்து கொடுத்தவள், தன் புருசனின் மருந்தைத் தானே கெடுத்தாளா? அதுதான் அவளை அரித்தது.

இன்சுலினை வருணின் ஒபிஸ் பிரிட்ஜுக்கு மாற்றினார்கள். வருண் கதவுக்கு வெளியே கனமான கொக்கி ஒன்று பூட்டினான். கிளறிற்றா சின்ன டிஜிட்டல் வெப்பமானி வாங்கிக் கீழ்த் தட்டில் வைத்தாள். அது சூட்டை நேரத்தோடு போனுக்கு அனுப்பும்.

திங்கட்கிழமை மூன்று மணிக்கு எழும்பினாள். கொக்கி போட்டபடியே இருந்தது. நிம்மதியாகப் போனைப் பார்த்தாள்.

காலை பத்து மணி: 4 பாகை.

பன்னிரண்டு: 4.

ஒன்று நாற்பத்தைந்து: 4.

ஒன்று ஐம்பது: 36.8.

படிப்படியாக ஏறவில்லை. ஒரேயடியாக. இரண்டரை வரைக்கும் 36.8. இரண்டரையிலிருந்து மெல்ல, மிக மெல்ல இறங்கத் தொடங்கியிருந்தது. 36.5... 36.2...

அவள் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். அந்த இலக்கம் அவளுக்குத் தெரியும். இரவு இரவாக எத்தனை பேரின் அக்குளில் வைத்துப் பார்த்த இலக்கம். அது இறங்கும் விதமும் தெரியும். அப்படி இறங்குவதைக் கண்டால் டொக்டரைக் கூப்பிட்டுப் பயனில்லை.

வருண் வந்து பின்பக்கம் கழற்றிப் பார்த்தான். சுவரில் சூட்டுக் குழாய் இருக்கிறதா என்றும் தேடினான்.

"பிரிட்ஜிலை பிழை ஒண்டும் இல்லை அக்கா. வெப்பமானிதான் பழுது போல."

புதிய வெப்பமானி வாங்கினாள். செவ்வாய்க்கிழமை, ஒன்று ஐம்பது. 36.8.

புதன்கிழமைதான் சத்தம் கேட்டது.

நல்ல நித்திரை. டொக்... டொக்... டொக்.

முதியோர் இல்லத்தில் கிழடுகள் இப்படித்தான் கட்டில் கம்பியில் தட்டுவார்கள். தண்ணீர் வேண்டும், புரட்டிவிட வேண்டும், அல்லது சும்மா ஒரு ஆள் பக்கத்தில் வேண்டும். பழக்க தோசம். கண்ணை மூடியபடியே அவள் சொன்னாள்.

"வாறன்."

தட்டல் நின்றது.

அப்போதுதான் அவள் முழித்தாள். வேலையில் இல்லை. வண்டிக்குள் இருக்கிறாள். திரைச்சீலை இடுக்கால் வெயில் ஒரு கோடாக விழுந்து கிடக்கிறது. வெளியே வருண் ஏதோ காரின் எஞ்சினை முறுக்குகிறான். போனில் நேரம் ஒன்று ஐம்பத்தி மூன்று.

சத்தம் எதிரே இருந்துதான் வந்தது. கொக்கி போட்ட கதவுக்கு உள்ளே இருந்து.

அவள் செருப்புப் போடாமல் வளவுக்கு ஓடினாள்.

வியாழக்கிழமை யேசுரட்ணம் லீவு போட்டார். கிளறிற்றா சொன்னதை அவர் நம்பினார் என்று சொல்ல முடியாது. அவளுக்குத் துணையாக இருந்தார், அவ்வளவுதான். இருவரும் கட்டில் விளிம்பில், பிரிட்ஜுக்கு நேரே உட்கார்ந்தார்கள். அவர் கையில் செபமாலை. திரைச்சீலைகள் முழுவதும் திறந்திருந்தன. பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் கத்தி விளையாடுவது கேட்டது.

ஒன்று நாற்பத்தெட்டு.

ஒன்று நாற்பத்தொன்பது.

பிரிட்ஜின் மோட்டர் நின்றது. அது அடிக்கடி நிற்பதுதான். ஆனால் பிள்ளைகளின் சத்தமும் அதோடு நின்றது.

டொக்... டொக்... டொக்.

யேசுரட்ணத்தின் உதடு அசைவதை நிறுத்தியது.

டொக் டொக் டொக்.

இந்த முறை வேகமாக. நேற்று வருகிறேன் என்று சொன்னவள் வரவில்லை என்கிற மாதிரி.

கொக்கி துள்ளியது. உள்ளே ஏதோ சரிந்தது. கண்ணாடிப் போத்தல்கள் ஒன்றோடொன்று உரசின.

"திறக்காதையும்," என்றார் அவர்.

அவள் இருபது நிமிடம் திறக்கவில்லை. முப்பது நிமிடம் திறக்கவில்லை. தட்டல் வர வர மெலிந்தது. இரண்டு தட்டல். நீண்ட இடைவெளி. ஒரு தட்டல்.

அந்த மெலிவைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. எழும்பினாள். கொக்கியைத் தூக்கினாள்.

இரண்டு இருபத்தெட்டு.

குளிர் வரவில்லை. முகத்தில் சூடு அடித்தது. மூடிய அறைக்குள் ஒரு ஆள் நெடுநேரம் நித்திரை கொண்ட மணம். எண்ணெய்த் தலை, கம்பளி, மூச்சு.

உள்ளே யாரும் இல்லை.

பால், தயிர், கறிப்பெட்டி எல்லாம் ஓரமாக ஒதுங்கிக் கிடந்தன. கீழ்த் தட்டின் நடுவில் மெத்தென்ற பாண் ரொட்டிப் பக்கற் மட்டும். அவள் புறங்கையைத் தட்டில் வைத்தாள். காய்ச்சல் பார்க்கிற மாதிரி.

நெற்றி போலச் சூடாக இருந்தது.

இரண்டு இருபத்தொன்பது.

"கிளறி... பாணைப் பாரும்."

பாண் பக்கற் நடுவில் மெல்லப் பதிந்தது.

இன்னும் பதிந்தது.

தலையணையில் ஒரு தலை சாய்வது போல.

பிறகு அசையவில்லை.

வெப்பமானியில் 36.8.

இரண்டு முப்பது.

36.7.

பிள்ளைகளின் சத்தம் மறுபடி கேட்டது.

அதன் பிறகு அவர்கள் அந்த வண்டிக்குள் ஒரு நாளும் படுக்கவில்லை. கிளறிற்றாவின் மச்சாள் றோஸ்மலர் வீட்டில் ஒரு அறை கிடைத்தது. பிரிட்ஜைப் பாலேந்திராவிடமே திருப்பிக் கொடுத்தார்கள். நடந்ததை ஒளிக்காமல் சொன்னார்கள். அவர் சிரிக்கவில்லை. கடையிலேயே இரண்டு கிழமை ஓடவிட்டு, வெப்பமானி வைத்துப் பார்த்தார். காலை, மத்தியானம், இரவு எப்போதும் 4 பாகை. கடைசியில் தன் வீட்டுக் குசினியில் வைத்துக்கொண்டார். இன்றுவரை அது ஒரு குறையும் இல்லாமல் ஓடுகிறது.

மார்ச் மாதம் வீட்டுப் பத்திரம் சரிவந்தது. மோட்டர்ஹோமை விற்க வேண்டும். வாங்க வந்த ஒருவர், கட்டிலுக்கு எதிரே வெற்றிடமாக இருக்கிறதே, கொம்பனி செய்தபோது அதில் என்ன இருந்தது என்று கேட்டார். யேசுரட்ணத்துக்குத் தெரியாது. வண்டியின் பழைய பத்திரங்களில் முதல் சொந்தக்காரியின் போன் இலக்கம் இருந்தது. கெண்ட் பக்கம் இருக்கிற வயதான வெள்ளைக்காரி. கிளறிற்றாதான் போன் எடுத்தாள்.

அந்த இடத்தில் சின்னக் கட்டில் ஒன்று இருந்தது என்றாள் கிழவி. அவளுடைய கணவன் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அதில்தான் படுப்பார். அவர் செத்துப் போன பிறகு அதைப் பார்க்க முடியாமல், கழற்றி எறிந்துவிட்டு அலுமாரி போட்டாளாம்.

"எப்படிப் போனார்?" என்று கிளறிற்றா கேட்டாள். கேட்டிருக்க வேண்டாம் என்று இன்றைக்கும் சொல்வாள்.

ஸ்கொட்லாந்திலிருந்து திரும்பி வரும் வழியில் என்றாள் கிழவி. அவள் ஓட்டிக்கொண்டு வந்தாளாம். அவர் பின்னால் படுத்திருந்தாராம். இரண்டு மணிக்குக் கொஞ்சம் முந்தி, பின்னால் தட்டுகிற சத்தம் கேட்கத் தொடங்கியதாம். அரை மணி நேரத்துக்கு மேல் கேட்டதாம்.



"பிரிட்ஜ் கதவு திறந்து அடிபடுகிறது என்றுதான் நினைத்தேன்," என்றாள் கிழவி. "அதற்காக ஏன் வண்டியை நிறுத்த வேண்டும் என்று நான் நிறுத்தவில்லை."