என் நாத்தனார் கொண்டுவந்த பண்டிகை

என் கணவரின் தங்கை எட்டு வருடம் இஸ்ரேலில் ஒரு யூதக் கிழவியைக் கவனித்துக்கொள்ளும் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியபோது, எல்லாரும் அவள் பெட்டிகளைப் பார்த்தார்கள். நான் அவள் கண் எங்கே போகிறது என்று பார்த்தேன். அது அவள் மகள் மேலேயே இருந்தது.

ஐந்து வயதில் அந்தப் பிள்ளையை என்னிடம் விட்டுப் போனாள். புருஷன் மஞ்சள் காமாலையில் இறந்த பிறகு, நர்ஸ் படிப்பை நம்பிக் கடல் தாண்டுவதைத் தவிர அவளுக்கு வேறு வழி இருக்கவில்லை. அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் காய்ச்சலில் கண் விழித்தது நான். பல் விழுந்தபோது அழுகையை அடக்கியது நான். எனக்குப் பிள்ளையில்லை. பதின்மூன்று வயதில் தோளுக்கு மேல் வளர்ந்து நிற்கிறவளை இப்போது கூட்டிப் போய்விடுவாளோ என்பதுதான் என் பயம்.

அவள் ஆமத்தூரிலேயே, எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் வாடகைக்கு வீடு பிடித்தாள். பிள்ளையைக் கேட்டால் என்ன சொல்வது என்று பதிலைத் தயாராக வைத்திருந்தேன். அவள் கேட்கவே இல்லை. என் சந்தேகம் இன்னும் கூடியது.

மாசி மாதத்தில் ஒரு நாள் வந்து, "மதினி, பூரீம் கொண்டாடப் போறேன்" என்றாள். தன் சனத்தை ஒரு மந்திரியின் சதியிலிருந்து காப்பாற்றிய ராணியைப் பற்றிய பைபிள் கதை. சபைக்குப் போகிற எங்களுக்குத் தெரிந்ததுதான். ஆனால் யூதர்கள் அதை ஒரு பண்டிகையாக, வேஷம் கட்டி, சிரித்துக் கூத்தடித்துக் கொண்டாடுவார்கள் என்று அவள் சொல்லித்தான் கேள்விப்பட்டேன்.

"நாம யூதரா? எதுக்கு இப்ப திடீர்னு?" என்றேன்.

"எட்டு வருசமா அந்தம்மாவோட கொண்டாடினேன் மதினி. என் பிள்ளைக்கும் தெருப் பிள்ளைகளுக்கும் சொல்லிக் குடுக்கணும்னு ஆசையா இருக்கு."

தெருப் பிள்ளைகளாம். யாரை வளைக்க இந்த ஏற்பாடு என்று எனக்குத் தெரியாதா?

பண்டிகைக்கு முதல் நாள் வீடு வீடாகப் பலகாரம் போனது. ஒரு தட்டில் இரண்டு வகையாவது இருக்க வேண்டுமாம். பேரீச்சம்பழம் வைத்த மூன்று மூலைப் பலகாரமும் முறுக்கும் அனுப்பினாள். எங்கள் தெருவில் பாதிப் பேர் பட்டாசு ஆலைக்குப் போகிறவர்கள். காரணமில்லாமல் வாசலுக்கு வருகிற பலகாரத்தை அவர்கள் நம்பியதில்லை. நான் பள்ளிக்கூட டீச்சர், விவரம் தெரியும் என்று எதிர் வீட்டம்மா தட்டோடு என்னிடம் வந்தாள். "எலெக்சனும் இல்ல, கலியாணமும் இல்ல. எதுக்கு டீச்சர் குடுக்காக? சீட்டுக் கம்பெனி ஏதும் ஆரம்பிக்காகளா?" என்றாள். எனக்கு உள்ளூர சந்தோஷமாக இருந்தது. "எனக்கென்னம்மா தெரியும்" என்று சொல்லி அனுப்பினேன்.

கதை வாசிக்கும்போது பொல்லாத மந்திரியின் பெயர் வருகிற இடமெல்லாம், அது காதில் விழாதபடி பிள்ளைகள் சத்தம் எழுப்ப வேண்டும். டப்பா, தட்டு எதையாவது கொண்டுவரச் சொல்லியிருந்தாள். மறுநாள் மத்தியானம் எதிர் வீட்டுப் பெண்பிள்ளை என்னிடம் வந்து, "டீச்சர், வெடி கொண்டாரலாமா?" என்று கேட்டாள்.

வேலை நாளில் பகலில் வெடிச் சத்தம் கேட்டால் எங்கள் பக்கத்தில் யாருக்கும் ஈரக்குலை நடுங்கும். கோயில் கொடைத் திருவிழாவும் இல்லை, சாவும் இல்லை என்றால் ஏதோ ஒரு ஆலையில் விபத்து என்றுதான் அர்த்தம். எட்டு வருடம் வெளியில் இருந்தவளுக்கு அது மறந்திருக்கலாம். எனக்கு மறக்கவில்லை. கூட்டம் கலையட்டும், இவள் பண்டிகை கெடட்டும் என்று ஒரு நிமிடம் நினைத்தேன். "சின்னதா கொண்டா" என்றேன்.

நாலு மணிக்கு அவள் வீட்டு முற்றத்தில் பிள்ளைகள் நிறைந்திருந்தார்கள். பெண்களும் என்னதான் நடக்கிறது என்று பார்க்க வந்திருந்தார்கள். எங்கள் பிள்ளை காகிதக் கிரீடம் வைத்துக்கொண்டு ராணியாக உட்கார்ந்திருந்தாள். நாத்தனார் மந்திரியின் பெயரை வாசித்தாள். டப்பாக்கள் அதிர்ந்தன. எல்லாரும் சிரித்தார்கள். இரண்டாம் தடவை பெயர் வந்தபோது, வீட்டுக்குப் பின்னால் குண்டு விழுந்த மாதிரி ஒரே சத்தம். சின்னதாகக் கொண்டுவரச் சொன்னதற்கு அந்தப் பிள்ளை அணுகுண்டு வெடியே கொண்டுவந்திருந்தாள்.

அது வெறும் வெடிதான் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் கால் கேட்கவில்லை. என் கணவர் அச்சங்குளம் பக்கம் ஒரு ஆலையில் ஃபோர்மேன். எல்லாப் பெண்களோடும் நானும் ரோட்டுக்கு ஓடினேன். எந்தப் பக்கம் புகை என்று வானத்தைப் பார்த்துக்கொண்டே ஆளாளுக்குப் போன் போட்டோம். "லோடு ஏத்திட்டு இருக்கேன், என்ன?" என்று அவர் குரல் கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. பிள்ளையின் ஞாபகமும் அதற்குப் பிறகுதான் வந்தது.

உள்ளே ஓடினேன். மாடிப்படிக்கு அடியில் நாத்தனார் குப்புறக் கிடந்தாள். அவளுக்கு அடியில் பிள்ளை. அதன் தலையை இரண்டு கையாலும் மூடியிருந்தாள். நாங்கள் சத்தம் கேட்டால் வெளியே ஓடுகிறவர்கள். அவள் இஸ்ரேலில் ராக்கெட் சைரன் கேட்டால் கிழவியை இழுத்துக்கொண்டு உள்ளே ஓடிப் பழகியவள்.

என்னைப் பார்த்ததும் கூச்சத்தோடு எழுந்து சேலையைத் தட்டினாள். பிள்ளை என்னைப் பார்த்து, "அத்தை, மாமா போன் எடுத்தாகளா?" என்று கேட்டாள். என்னை விட்டுவிட்டு ஏன் ஓடினீர்கள் என்று கேட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

பெண்கள் வைதுகொண்டே திரும்பி வந்தார்கள். கதையைப் பாதியில் விடக்கூடாதாம். மிச்சத்துக்கு டப்பாவும் வேண்டாம், காலால் தரையைத் தட்டினால் போதும் என்றாள் நாத்தனார். தட்டினார்கள். பிள்ளைகள் கொஞ்ச நேரத்தில் சிரிக்கவும் தொடங்கிவிட்டார்கள். நான் சுவரோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் சாயங்காலம் பிள்ளையின் துணிமணிகளை ஒரு பையில் அடுக்கி அவள் வீட்டுக்கு எடுத்துப் போனேன். பிள்ளை முன்னால் நடந்தாள். நாத்தனார் பையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"என்ன மதினி திடீர்னு? மனசுல எதையும் வச்சிட்டுச் செய்யுதீகளா?"

சந்தேகப்பட இப்போது அவள் முறை. பிள்ளை உள்ளே போகும்வரை காத்திருந்தேன்.

"அந்தப் பிள்ள வெடி கொண்டாரவான்னு எங்கிட்டத்தான் கேட்டுச்சு. நாந்தான் கொண்டாரச் சொன்னேன். என்ன ஆகும்னு தெரிஞ்சேதான் சொன்னேன்."

அவள் என் கையிலிருந்து பையை வாங்கிக்கொண்டாள்.

"ஞாயித்துக்கிழமை பிள்ளைய அனுப்புதேன்" என்றாள்.

எந்த ஞாயிறு என்று நான் கேட்கவில்லை.